கற்பலகைக் கூரையும் கூடல்வாயும்

மழை ஒரு கூரையைச் சோதிக்கும் இடம் அதன் சரிவு அன்று. சரிவும் சரிவும் சந்திக்கும் மூலையே. பரந்த கூரைப் பரப்பில் வரிசை பிழையாது ஓடு அடுக்குதல் ஓரளவு பழகிய எவருக்கும் கூடும். இரு கூரைகள் உள்நோக்கி மடிந்து ஒன்றுகூடும் மூலையில் நீர் உட்புகாது காத்தல் கைதேர்ந்த தொழிலாளனுக்கே இயலும். இம்மூலையைத் தமிழர் கூடல்வாய் என வழங்குவர். யாழ்ப்பாணத்து நாற்சார வீட்டில், முற்றத்தை நோக்கி நாற்புறமும் சாய்ந்து இறங்கும் கூரைகள் உள்மூலைகள் நான்கிலும் இணையுமிடத்தை நோக்குவோர்க்குக் கூடல்வாயின் இயல்பு எளிதிற் புலனாகும். மாரிகாலத்தில் முதலில் ஒழுகத் தொடங்குவதும் பெரும்பாலும் அம்மூலையேயாகும்.

ஐரோப்பாவின் மேற்குப் பகுதிகளிலே, சிறப்பாக வேல்ஸ், இங்கிலாந்து, பிரான்சு, ஜேர்மனி ஆகிய நாடுகளிலே, மண்ணோட்டிற்குப் பதிலாகக் கற்பலகையால் வீடு வேயும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அக்கூரைகளின் கூடல்வாயை அமைத்த முறைகள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. அம்மாற்றம் வெறுங் கட்டடக்கலைச் செய்தியன்று. கல்லைப் பிளந்தோர், கூரையை வேய்ந்தோர், மலையை உடைமையாக்கிக் கொண்டோர் ஆகிய முத்திறத்தாரின் வரலாறும் அதனுள் அடங்கியுள்ளது.

கற்பலகை என்பது யாது? பண்டைக் கடலடியிற் படிந்த நுண்ணிய சேறு, பின்னர் நிலவோட்டின் பேரழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இறுகி உருமாறிய பாறையே அது. வேல்ஸ் நாட்டின் வடமேற்கிலுள்ள பென்றின், டினோர்விக் மலைகளின் கல் ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அழுத்தத்தின்போது அதன் நுண்டுகள்கள் யாவும் ஒரே திசை நோக்கி ஒழுங்குபட்டமையால், உளியை அத்திசையில் வைத்துத் தட்டினால் கல் தாள்தாளாகப் பிரியும். ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் நாட்டுச் சிறார் எழுதப் பழகிய சிலேட்டுப் பலகையும் இவ்வினக் கல்லினாலாயதே. பிளக்க எளிது, நீரை உறிஞ்சாது, உறைபனியிலும் சிதையாது என்னும் மூன்று பண்புகள் இதனைக் கூரைக்கு உகந்த பொருளாக்கின. உரோமர் கார்னார்வனுக்கு அருகில் அமைத்த செகொந்தியக் கோட்டையிலேயே இக்கல் கூரைக்குப் பயன்பட்டது.

கற்பலகை வேய்தலின் அடிப்படை விதி எளிமையானது. கைமரங்களின் மேற் சிலாகைகளை அறைந்து, அவற்றின் மீது பலகைகளை ஆணியால் தைப்பர். ஒவ்வொரு பலகையும் தனக்கு அடுத்த கீழ்வரிசையை மட்டுமன்றி, அதற்கும் கீழுள்ள வரிசையின் தலையையும் ஏறத்தாழ மூன்று அங்குலம் மூடவேண்டும். ஆகவே கூரையின் எவ்விடத்தும் இரு பலகைகளுக்குக் குறையாத தடிப்பு இருக்கும். மேற்பொருந்தும் இடத்தில் மூன்று இருக்கும். 20 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உடைய பலகையை எடுத்துக்கொண்டால், மூன்று அங்குலத்தைக் கழித்து எஞ்சியதைப் பாதியாக்க எட்டரை அங்குலம் வரும். அதுவே வெளியே தெரியும் பகுதி. இக்கணக்கின்படி நூறு சதுர அடிக் கூரைக்கு 170 பலகைகள் வேண்டும். ஆணித்துளையைப் பலகையின் பின்புறமிருந்து குத்துவர்; அப்போது முன்புறத்திற் சிறு சில்லுத் தெறித்து ஆணித்தலை அமர்வதற்கு ஏற்ற பள்ளம் உண்டாகும். தடித்த பலகைகளைத் தெரிந்து இறவாணத்துக்கும், மெல்லியவற்றை முகட்டை அண்டியும் இடுவர்.

சரிவிலே தவறாத இவ்விதி கூடல்வாயில் இடர்ப்படுகின்றது. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, இரு கூரைகளின் நீரும் அவ்வொரு கோட்டிலே திரண்டு ஓடுகின்றது. இரண்டாவது, கூடல்வாயின் சாய்வு அதனை ஆக்கும் கூரைகளின் சாய்விலும் எப்போதும் குறைந்தது. கேத்திரகணிதம் பயின்ற மாணவர் இதனை எளிதில் நிறுவலாம். செங்கோணத்திற் சந்திக்கும் இரு கூரைகளும் 45 பாகை சாய்ந்திருப்பின், அவை கூடும் கோட்டின் சாய்வு 35 பாகையளவே. கூரை 50 பாகையாயின் கூடல்வாய் 40 பாகை. கூரை 30 பாகையாயின் கூடல்வாய் 22 பாகை. நீர் மிகுதியாக வருமிடத்திலேயே அது மெதுவாக ஓடவும் நேர்கின்றது. மெதுவாக ஓடும் நீர் பலகைகளின் இடுக்கினூடே பக்கவாட்டிற் பரவும். காற்று வீசின் மேல்நோக்கியும் ஏறும்.

இவ்விடருக்குப் பழைய வேய்வோர் கண்ட தீர்வு கல்லைக்கொண்டே கல்லின் குறையை நிரப்புவதாகும். இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் பகுதியிலே சுண்ணக்கல் தகடுகளால் வேயப்பட்ட செங்குத்தான கூரைகளில் இதனைச் சிறப்பாகக் காணலாம். மூலையிலே ஒரு பலகையைக் கிடத்தி, கூர்மையான மடிப்பை வளைவான குழிவாக மாற்றுவர். பின்னர்த் தலை அகன்றும் கால் ஒடுங்கியும் வெட்டிய கற்களை அக்குழிவில் விசிறிபோல் அடுக்கி, ஒரு கூரையின் வரிசை இடையறாது மற்றக் கூரையின் வரிசையாகத் தொடருமாறு செய்வர். இது வளைவுக் கூடல்வாய் எனத்தகும். பிறிதொரு முறையில், இரு பக்க வரிசைகளும் மூலையை அணுகுந்தோறும் சிறிது சிறிதாக மேலெழுந்து, மூலைவிட்டமாக வைக்கப்பட்ட அகன்ற ஒரு கல்லின் மீது மாறிமாறிப் பின்னிக்கொள்ளும். இதனைப் பின்னற் கூடல்வாய் எனலாம். ஜேர்மனியின் மோசல் ஆற்றுப் பகுதியார் இக்கலையை இன்னும் நுணுக்கமாக வளர்த்தனர். அவர்கள் செதில் வடிவான சிறு பலகைகளை ஒரு கூரையிலிருந்து மற்றக் கூரைக்குக் குழிவினூடே நடத்திச் செல்வர். சில இடங்களில் நடுவிலே ஒரு கல்லை நிறுத்தி, அதிலிருந்து இருபுறமும் பலகைகளை ஏற்றுவர். இவ்வேலை முடிந்த கூரையில் உலோகம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மடித்த போர்வையொன்று கட்டடத்தின் மேல் விழுந்தது போன்றே அது தோன்றும்.

இம்முறைகளுக்கெல்லாம் இன்றியமையாதவை மூன்று. கூரை செங்குத்தாக இருத்தல் வேண்டும். பல அளவிலான கற்கள் கையிலிருத்தல் வேண்டும். ஒவ்வொரு கல்லையும் பார்த்து, இது எவ்விடத்துக்குப் பொருந்தும் எனத் தீர்மானிக்கும் வேய்வோனுடைய கண் வேண்டும். பழங்காலத்திற் கற்குழியிலிருந்து வந்த கற்கள் ஒரே அளவின அல்ல. வெஸ்ட்மோர்லாந்து போன்ற இடங்களிற் பல அளவுக் கற்களை நிறையாற் கணக்கிட்டு விற்றனர். வேய்வோன் அவற்றைத் தரையிலே தரம் பிரித்து, பெரியவற்றை இறவாணத்தில் தொடங்கி, வரிசைக்கு வரிசை குறைத்துச் சென்று, சிறியவற்றை முகட்டில் முடிப்பான். கூடல்வாய்க்கு வேண்டிய அகன்ற கற்களை முதலிலேயே ஒதுக்கி வைப்பதும் அவனுடைய பொறுப்பே.

மற்றொரு தீர்வு ஈயம். ஆங்கில நாட்டுத் தேவாலயங்களும் மடங்களும் இடைக்காலத்திலேயே மணற்படுக்கையில் வார்த்த ஈயத்தகடுகளைக் கூரைக்குப் பயன்படுத்தின. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது, அவற்றின் கூரை ஈயம் உரித்து உருக்கப்பட்டமை அவ்வுலோகத்தின் மதிப்பைக் காட்டும். கூடல்வாயில் ஈயமிடும் முறை பின்வருமாறு: மூலையின் இருபுறமும் பலகைகளை அறைந்து, அவற்றின் மேல் ஈயத்தகட்டை மடித்துப் படிய வைப்பர். தகட்டின் ஓரங்கள் ஒரு சிறு மரச்சட்டத்தின் மீது ஏறி நிற்கும். இருபுறக் கற்பலகைகளையும் சாய்வாக வெட்டி, இடையிற் சில அங்குல வாய்க்கால் விட்டு நிறுத்துவர். ஈயம் மென்மையானது, எவ்வடிவத்துக்கும் இசையும். ஆயினும் வெயிலில் விரிந்து குளிரிற் சுருங்கும். பத்தடி நீளத் தகடொன்று 40 சதமபாகை வெப்பவேறுபாட்டால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் நீளும். அதனை இரு முனையிலும் ஆணியால் இறுக்கினால் நாளடைவில் நெளிந்து வெடிக்கும். ஆதலாற் குறுகிய துண்டுகளாகவே வெட்டி, தலைப்பக்கத்தில் மட்டும் தைத்து, மேற்றுண்டின் கால் கீழ்த்துண்டின் தலையை மூடுமாறு இடுவதே நெறி. கல்லையும் ஈயத்தையும் இணைத்த இடைப்பட்ட முறையொன்றும் உண்டு. இருபுறப் பலகைகளையும் நடுக்கோட்டில் நெருங்கப் பொருத்தி, ஒவ்வொரு வரிசையின் அடியிலும் சிறு ஈயத்துண்டொன்றை மறைத்து வைப்பது அது. அழகில் அது சிறந்தது. செங்குத்தான கூரைக்கே ஏற்றது.

கல்லாலாய கூடல்வாய் பின்வாங்கி ஈயக் கூடல்வாய் எங்கும் பரவியமைக்குக் காரணம் வேல்ஸ் மலைகளில் நிகழ்ந்த மாற்றமே. பென்றின் பகுதியிற் சிறு கூட்டங்களாக நின்று கல் எடுத்த உழவரின் உரிமைகளை 1782 அளவில் நிலவுடைமையாளரான றிச்சாட் பெனன்ற் தம்வசமாக்கி, பெருமுதலிட்டுக் கற்குழியை நடத்தத் தொடங்கினார். அவருடைய செல்வம் யமேக்கா தீவிலே அடிமைகளின் உழைப்பாற் பயன் தந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. லிவர்பூல் நகரின் பாராளுமன்றப் பிரதிநிதியாகிய அவர் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் முயற்சியை எதிர்த்து நின்றவர். ஐரோப்பியக் கூரையின் வரலாற்றிலே ஆபிரிக்க மக்களின் கண்ணீரும் கலந்துள்ளது என்பது மறக்கத்தக்கதன்று. 1801 ஆம் ஆண்டிற் கற்குழிக்கும் துறைமுகத்துக்குமிடையே குதிரைகள் இழுக்கும் இருப்புப்பாதை அமைந்தது. கல் கடல்வழியே நாடெங்கும் சென்றது.

பெருவாணிகத்துக்கு ஒரே சீரான சரக்கு வேண்டும். எனவே கற்பலகைகள் குறித்த அளவுகளில் வெட்டப்பட்டன. அவ்வளவுகளுக்கு இராணி, கோமகள், சீமாட்டி முதலிய பட்டப்பெயர்கள் வழங்கின. 24 அங்குலத்துக்கு 12 அங்குலம் கொண்டது கோமகள்; 16 அங்குலத்துக்கு 8 அங்குலம் கொண்டது சீமாட்டி. உயர்குலப் பெண்டிரின் பெயர்களைச் சுமந்த அக்கற்களை, பனியிலும் மழையிலும் கயிற்றில் தொங்கி நின்று ஏழைகள் வெட்டினர். பெரிய, மெல்லிய, சீரான பலகைகள் எளிதிற் கிடைத்தமையால் கூரைகளைத் தாழ்ந்த சாய்வில் அமைத்தல் இயன்றது, மரமும் மிஞ்சியது. ஆயின், 30 பாகைக் கூரையின் கூடல்வாய் 22 பாகைக்கு இறங்கிவிடும் என முன்னர்க் கண்டோம். அத்தாழ்ந்த சாய்வில் கல்லாலாய கூடல்வாய் நீரைத் தடுக்கமாட்டாது. எல்லாப் பலகைகளும் ஓரளவினவாகியபின், மூலைக்கென அகன்ற கல்லைத் தேடுவதும் அரிதாயிற்று. விரைவாகக் கட்டி விற்கும் ஒப்பந்தகாரருக்கு ஈயமே வாய்ப்பாக அமைந்தது.

இலண்டன் மாநகரில் இம்மாற்றம் தெளிவாகத் தெரியும். 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீயின் நினைவால், 1707 ஆம் ஆண்டுச் சட்டம் வெளியே நீண்ட மர இறவாணங்களை விலக்கிற்று. சுவர் கூரைக்கு மேலும் உயர்ந்து நின்றது. அச்சுவரின் பின்னே, இரு பக்கச் சுவர்களிலிருந்தும் நடுநோக்கிச் சரியும் கூரைகள் அமைந்தன. வீட்டின் நட்டநடுவே முன்னிருந்து பின்னாக ஒரு நீண்ட ஈயப் பீலி ஓடிற்று. இவ்வாறு ஓரத்து மூலையாயிருந்த கூடல்வாய் வீட்டின் நடுமுதுகாயிற்று. தெருவில் நிற்போர்க்கு அது தெரியாது. அது ஒழுகினாற் படுக்கையில் இருப்போர்க்கே தெரியும். 1794 இல் கடல்வழிச் செல்லும் கற்பலகைக்கு விதித்த வரி 1831 இல் நீக்கப்பட்டதும் வாணிகம் பெருகிற்று. 1836 இற் பெஸ்தினியோக் புகையிரதப் பாதை மலையிலிருந்து போர்த்மடொக் துறைமுகத்துக்குக் கல்லைக் கொணர்ந்தது. 1842 இல் ஹம்பேர்க் நகரம் தீக்கிரையானபின் அதனை மீளக் கட்டுவதற்கு வேல்ஸ் கல் ஜேர்மனிக்கும் சென்றது. கைத்தொழிற் புரட்சியால் எழுந்த ஆலைகளும் தொழிலாளர் வரிசைவீடுகளும் கருநீலக் கற்பலகையையே தலையிற் சூடின. 1898 ஆம் ஆண்டளவில் இத்தொழில் உச்சமடைந்தபோது வேல்ஸில் ஏறத்தாழ 17,000 பேர் உழைத்தனர். ஆண்டுக்கு ஐந்து இலட்சம் தொன் அளவிற் கற்பலகை வெளிவந்தது. ஒரு தொன் பலகைக்குப் பத்துத் தொன் வரையிற் கழிவு மலையடிவாரத்திற் குவிந்தது.

கற்குழித் தொழிலாளர் தம்மைக் கூலியாட்களாகக் கருதவில்லை. மூவர் நால்வர் கொண்ட குழுவொன்று மலைமுகத்தின் ஒரு பகுதியை மாதந்தோறும் விலை பேசி ஏற்கும். கல்லின் இயல்பு நோக்கி மேற்பார்வையாளன் அவ்விலையை நிருணயிப்பான். சிலர் பாறையைப் பிளந்து வீழ்த்த, சிலர் கொட்டிலில் அமர்ந்து அகன்ற உளியாற் பலகைகளாகப் பிரிப்பர். நண்பகல் உணவு வேளையிற் கபான் எனப்படும் கொட்டிலிற் கூடி, சமயம், அரசியல், கவிதை, இசை ஆகியவற்றைப் பற்றித் தம் தாய்மொழியாகிய வேல்ஸ் மொழியிலே விவாதித்தனர். ஆங்கிலம் பேசும் உடைமையாளர் ஒருபுறமும், வேல்ஸ் மொழி பேசும் தொழிலாளர் மறுபுறமுமாக இருந்த அந்நிலையில், கபான் அவர்களுக்குக் கல்லூரியாகவே விளங்கிற்று. 1884 இல் பாங்கோர் நகரில் ஒரு பழைய தங்குமடத்தில் 58 மாணவரோடு பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபோது, அதற்கென வாரக்கூலியிலிருந்து சிறுதொகை ஒதுக்கி வழங்கியோருள் கற்குழித் தொழிலாளர் பலர். தாம் ஏறமுடியாத படியிலே தம் மக்கள் ஏறவேண்டும் என்ற வேட்கையே அக்கொடையின் ஊற்று. கல்வியின் பயனை அறிந்த எந்தச் சமூகமும் இதனைப் போற்றாதிராது.

1874 இல் வட வேல்ஸ் கற்குழித் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர் சார்பிற் சங்கம் பேசுவதைப் பென்றின் பிரபு ஏற்க மறுத்தார். 1896–97 இல் ஒருமுறை பிணக்கு மூண்டு தணிந்தது. 1900 நவம்பர் 22 ஆம் நாள் ஏறத்தாழ 2,800 தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். 1901 யூன் மாதம் கற்குழி மீண்டும் திறக்கப்பட்டபோது சுமார் நானூறு பேர் திரும்பிச் சென்றனர். அவர்களுக்குத் தலைக்கொரு பொற்பவுண் பரிசளிக்கப்பட்டது. திரும்பாதோர், தம் இல்லத்திற் துரோகி இல்லை எனப் பொருள்படும் அறிவித்தலைச் சாளரங்களில் ஒட்டினர். பெதெஸ்டா என்னும் அச்சிற்றூர் இரண்டாகப் பிளந்தது. பாடகர் குழுக்கள் இங்கிலாந்தெங்கும் சென்று பாடிப் பொருளீட்டின. இளைஞர் பலர் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்ந்தனர். மூன்றாண்டு பசித்திருந்தும் வெற்றி கிட்டாமல் 1903 நவம்பரிற் போராட்டம் முடிந்தது. இதற்கிடையிற் கட்டடக்காரர் மண்ணோட்டையும் பிறநாட்டுக் கல்லையும் நாடிவிட்டனர். சென்ற வாடிக்கை முழுதும் திரும்பவில்லை.

வேலைக்கு மீண்டோரைப் பிறிதொரு பகை காத்திருந்தது. கல்லைப் பிளக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் நுண்டூசு நுரையீரலிற் படிந்து மூச்சை அடைத்தது. கற்குழி உடைமையாளரின் ஊதியம் பெற்ற வைத்தியர் சிலர் தூசிலே தீங்கில்லை என்றனர்; தொழிலாளர் நெடுநேரம் கொதித்த தேநீரைப் பருகுவதையே நோய்க்குக் காரணமாகக் கூறினர். இறுதியாக 1979 ஆம் ஆண்டிலேதான் பிரித்தானியப் பாராளுமன்றம் இந்நோயாளருக்கு நட்டஈடு வழங்கச் சட்டமியற்றிற்று. அதற்குமுன் டினோர்விக் கற்குழி 1969 இல் மூடப்பட்டுவிட்டது. தொழிலாளர் பலர் கல்லறைக்குச் சென்றுவிட்டனர்.

பென்றினில் இன்றும் கல் எடுக்கப்படுகின்றது. ஆயினும் உலகச் சந்தையின் பெரும்பகுதி ஸ்பெயின் நாட்டுக் கல்லின் வசமாயிற்று. 2021 யூலை மாதத்தில் வடமேற்கு வேல்ஸின் கற்பலகை நிலப்பரப்பு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மலையும் குழியும் பாதையும் காக்கப்படுதல் நன்றே. ஆயின் கூரையின் நிலை வேறு. பழைய கட்டடமொன்றைத் திருத்துவோர், கல்லாலாய வளைவுக் கூடல்வாயைக் கழற்றிவிட்டு ஈயத்தையோ, அதனினும் மலிந்த வார்ப்புத் தகட்டையோ இட்டுச் செல்வராயின், கட்டடம் நிற்கும். அதனை அமைத்த அறிவு நில்லாது. கழற்றிய கல்லை அடுக்கி வைக்கலாம். எந்தக் கல் எந்த இடத்தில், எவ்வளவு சாய்வாக, எதன் மேற் பொருந்தியது என்னும் அறிவைக் கைமாற்றக் கைகள் வேண்டும். அது நூலில் மட்டும் வாழும் அறிவன்று. மூத்தோன் ஏணியின் மேலே நிற்க, இளையோன் பக்கத்தில் நின்று பார்த்துப் பயிலவேண்டிய அறிவு. ஒரு தலைமுறை பயிலாது விட்டால் அடுத்த தலைமுறைக்குப் பயிற்றுவார் இரார்.

கூரையின் தகுதி அதன் பரப்பினால் அன்றி அதன் இணைப்புக்களாலேயே அளக்கப்படும். வேல்ஸ் கற்பலகைத் தொழிலின் வீழ்ச்சியும் இதனையே உணர்த்துகின்றது. மலையிலே கல் குறையவில்லை. கைகளிலே திறன் குறையவில்லை. உடைமையாளரும் உழைப்பாளரும் கூடிய மூலையிலேதான் வெடிப்பு விழுந்தது. அவ்விடத்தைச் செம்மையாக அமைக்கத் தவறியமையால், ஒரு நூற்றாண்டுக் காலம் உலகின் தலைக்குக் கவசமாயிருந்த தொழில் தன் தலைமேல் விழுந்த மழையைத் தாங்கமாட்டாதாயிற்று.